ஒட்டாத பிளாஸ்டிக்கை ஒட்டின கதை: ரேஸிங் கார்ட்டும் அதோட உடைஞ்ச பாடியும்

இன்னைக்கு ஒரு வீடியோவுல இருந்து ஆரம்பிக்கலாம். உங்கள்ல சில பேர் போன்ல பார்த்திருப்பீங்க.

2020 அக்டோபர் 4. இத்தாலியில லொனாடோங்கிற ஊர். கார்ட்டிங் உலகச் சாம்பியன்ஷிப், கியர் வெச்ச கார்ட்டுகள் ஓடற கேஇசட் பிரிவு. லூக்கா கார்பெரிங்கிற டிரைவர் இன்னொரு வண்டியோட மோதி ரேஸ்ல இருந்து வெளிய வந்துட்டார். வந்தவர் சும்மா போகல. கழண்டு கிடந்த முன்பக்க பம்பரைக் கையில எடுத்துக்கிட்டு டிராக் ஓரமா நிக்கிறார். தன்னோட மோதின பாவ்லோ இப்போலிட்டோ திரும்ப அந்தப் பக்கமா வரும்போது, ஓடிக்கிட்டு இருக்கற வண்டியைப் பார்த்து அந்த பம்பரை வீசறார். உலகம் முழுக்க அந்த வீடியோ பரவுச்சு. அடுத்த வருஷம் எஃப்ஐஏ தீர்ப்பாயம் அவருக்கு 15 வருஷம் தடை போட்டது.

அந்தச் சம்பவத்தைப் பத்தி நிறைய பேர் பேசிட்டாங்க. நான் பேச வந்தது அவர் கையில இருந்த பொருளைப் பத்தி. அந்த பம்பர் எதுக்காக அந்த வண்டியில மாட்டியிருந்தது? ஒரு கார்ட் இன்னொரு கார்ட் மேல மோதினா, எதிர்ல இருக்கறவருக்குப் பெருசா அடிபடக் கூடாதுங்கிறதுக்காக. அதையே ஒருத்தர் ஆயுதமா தூக்கினதுதான் அந்த வீடியோவோட உண்மையான அதிர்ச்சி.

இந்த எபிசோட் அந்த பிளாஸ்டிக்கைப் பத்தினது. அது எங்க இருந்து வந்தது, ஏன் விரிசல் விடுது, விரிசல் விட்டா ஏன் எந்தப் பசையும் அதுல நிக்க மாட்டேங்குது, கடைசியா அதை எப்படிச் சரி பண்றாங்க. இதுக்குள்ள ஒரு நூறு வருஷத்துக் கதை இருக்கு.

உடம்பே இல்லாத வண்டி

வீக்எண்ட்ல நண்பர்களோட கோ-கார்ட் ஓட்டப் போயிருப்பீங்க. வாடகைக்கு விடற அந்த வண்டியைச் சுத்தி மெத்தை மாதிரி தடிமனா ஒரு பம்பர் இருக்கும். அதைப் பார்த்துட்டு, கார்ட்னா ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான்னு நினைச்சுடாதீங்க. முதல் கார்ட்டுக்கு உடம்பே கிடையாது.

1956, தெற்கு கலிஃபோர்னியா. ஆர்ட் இங்கல்ஸ்னு ஒருத்தர், கர்ட்டிஸ் கிராஃப்ட்டுங்கிற கம்பெனியில ரேஸ் கார் கட்டற வேலை பார்த்தார். இண்டியானாபோலிஸ் 500 மாதிரி பெரிய ரேஸ்களுக்குக் கார் செஞ்ச கம்பெனி அது. அவரும் லூ பொரெல்லிங்கிற நண்பரும் சேர்ந்து, இரும்புக் குழாயை வளைச்சு வெல்டிங் பண்ணி, நாலு சின்னச் சக்கரம் மாட்டி, புல் வெட்டற மெஷினுக்காகச் செஞ்ச ஒரு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைப் பின்னால வெச்சாங்க. உட்கார ஒரு சீட்டு, திருப்ப ஒரு ஸ்டியரிங். அவ்வளவுதான் வண்டி. எஞ்சினோட சக்தி சுமார் இரண்டரை குதிரைத்திறன்.

பாசடீனா ஊர்ல ரோஸ் பௌல்னு ஒரு பெரிய ஸ்டேடியம் இருக்கு. அதோட பார்க்கிங் மைதானம்தான் இந்த வண்டிகளோட முதல் விளையாட்டுத் திடல். ஒருத்தர் ஓட்டறதைப் பார்த்து இன்னொருத்தர் செஞ்சார். பக்கத்துல சைலன்ஸர் கடை வெச்சிருந்த டஃபி லிவிங்ஸ்டோனும் அவரோட பங்காளி ராய் டெஸ்ப்ரோவும், பில் ரோல்ஸ்ங்கிறவரோட சேர்ந்து இதை ஒரு தொழிலாவே ஆரம்பிச்சாங்க. அசூசாங்கிற ஊர்ல அவங்க கம்பெனி வந்தது. 'கோ கார்ட்'ங்கிற பேரைக் கொடுத்தவர் லின் வைன்லாண்ட்ங்கிற பத்திரிகைக்காரர்.

அந்தக் காலத்து போட்டோக்களைப் பாருங்க. டிரைவரோட கால், கை, முழங்கை எல்லாமே வெளியில தெரியும். வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவுல சில அங்குலம்தான். சஸ்பென்ஷன் இல்ல, சீட் பெல்ட்டும் இல்ல. இந்த ரெண்டும் இன்னைக்கும் ரேஸிங் கார்ட்டுல கிடையாது. 1962ல சர்வதேச கார்ட்டிங் கமிஷனான சிஐகே உருவாச்சு. 1964ல ரோம்ல முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. அப்பவும் பாடிங்கிறது பேச்சுக்கு ஒரு எண் தகடுதான். 1979லயும் 1980லயும் உலகச் சாம்பியன்ஷிப்ல ரெண்டாவதா வந்த அயர்டன் சென்னாவோட கார்ட் படங்கள்லயும், கண்ணுல படறது இரும்புக் குழாயும் எஞ்சினும் மனுஷனும்தான்.

அதே ஊர்ப் பக்கம், அதே வருஷங்கள்

இப்போ கொஞ்ச நேரம் கார்ட்டை ஓரமா நிறுத்திட்டு, பின்னாடி அதுக்கு உடம்பாகப் போற பிளாஸ்டிக்கைப் பார்ப்போம். அது பாலிஎத்திலீன். அது ரெண்டு தடவை பிறந்தது. ரெண்டு தடவையும் தற்செயலா.

முதல் தடவை 1933 மார்ச். இங்கிலாந்தில வின்னிங்டன்ங்கிற இடத்துல ஐசிஐ கம்பெனியோட ஆய்வுக்கூடம். ரெஜினால்ட் கிப்சன், எரிக் ஃபாசெட்னு ரெண்டு வேதியியலாளர்கள் எத்திலீன் வாயுவை இன்னொரு பொருளோட சேர்த்து ரொம்ப அதிக அழுத்தத்துல வெச்சுப் பார்த்தாங்க. எதிர்பார்த்தது வரல. பாத்திரத்தோட சுவர்ல மெழுகு மாதிரி வெள்ளையா ஏதோ ஒட்டிக்கிட்டு இருந்தது. அதைத் திரும்ப ஒழுங்கா செய்ய முடிஞ்சது 1935 டிசம்பர்லதான். ரெண்டாம் உலகப் போர்ல ரேடார் கேபிள்களுக்கு உறையா அது பயன்பட்டது. ஆனா அது மெத்துன்னு வளையற ரகம். வண்டிக்கு பம்பர் செய்யற அளவுக்கு விறைப்பு அதுக்குக் கிடையாது.

ரெண்டாவது தடவை 1951. அமெரிக்காவில ஓக்லஹோமா மாநிலம். ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனியில பால் ஹோகன், ராபர்ட் பேங்க்ஸ்னு ரெண்டு பேர் பெட்ரோல் சம்பந்தமா ஒரு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தாங்க. குழாய்க்குள்ள திடமா ஒரு வெள்ளைப் பொருள் அடைச்சுக்கிச்சு. அது பாலிப்ரொப்பிலீன். அந்த வழியிலயே போய், விறைப்பான, அடர்த்தி கூடின பாலிஎத்திலீனையும் செஞ்சாங்க. ஜெர்மனியில கார்ல் சீக்லர் 1953ல வேற ஒரு வழியில அதே இடத்துக்கு வந்தார். அவருக்கு 1963ல நோபல் பரிசும் கிடைச்சது. நம்ம ஊர்ல எச்டிபிஇன்னு சொல்ற பிளாஸ்டிக் இதுதான்.

ஃபிலிப்ஸ் கம்பெனி இதுக்கு மார்லெக்ஸ்னு பேர் வெச்சு விக்க ஆரம்பிச்சது. ஆரம்பத்துல தரம் ஒரே சீரா வரல. கிடங்குல மூட்டை மூட்டையா தேங்கிடுச்சு. அந்த நேரத்துல அவங்களைக் காப்பாத்தினது ஒரு பொம்மை. ஹூலா ஹூப். இடுப்புல வளையத்தைச் சுத்தற விளையாட்டு. 1958ல வாம்-ஓங்கிற கம்பெனி அதை மார்லெக்ஸ்ல செஞ்சு வித்தது. சில மாசத்துக்குள்ளயே 2 கோடிக்கு மேல வித்துப் போச்சு. வளையத்துக்குக் கொஞ்சம் தரம் ஏறி இறங்கினாலும் பரவாயில்லையே.

அந்த வாம்-ஓ கம்பெனி இருந்தது சான் கேப்ரியல்ங்கிற ஊர்ல. கோ கார்ட் கம்பெனி இருந்த அசூசா அங்க இருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஒரே பள்ளத்தாக்கு, ஒரே ரெண்டு மூணு வருஷம். இந்தப் பக்கம் உடம்பில்லாத வண்டி, அந்தப் பக்கம் உருவத்தைத் தேடிக்கிட்டு இருந்த பிளாஸ்டிக். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வளர்ந்துட்டு, ஒண்ணு சேர இன்னும் முப்பது வருஷத்துக்கிட்ட ஆச்சு.

பிளாஸ்டிக் யாருக்காக?

கார்ட்டுக்கு ஏன் உடம்பு தேவைப்பட்டது? அழகுக்குன்னு தோணும். வேகத்துக்குன்னும் தோணும். முக்கியமான காரணம் சக்கரம்.

கண்ணை மூடி ஒரு நிமிஷம் கற்பனை பண்ணுங்க. ரெண்டு கார்ட் முன்னும் பின்னுமா வேகமா போகுது. முன்னால போற வண்டியோட பின் சக்கரம் சுத்தும்போது, அதோட பின்புற விளிம்பு மேல் நோக்கி நகரும். பின்னால வர்ற வண்டியோட முன் சக்கரத்துல முன்புற விளிம்பு கீழ் நோக்கி நகரும். இந்த ரெண்டு டயரும் உரசினா என்ன ஆகும்? முன்னால இருக்கற டயர், பின்னால வர்ற டயரை மேல இழுத்து விட்டுடும். பின்னால வர்ற வண்டி அப்படியே ஏறிப் பறக்கும். சீட் பெல்ட்டும் இல்ல. கேஇசட் மாதிரி வண்டிகள் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். மீதியை நான் சொல்ல வேண்டியதில்ல.

அதனால சக்கரமும் சக்கரமும் சந்திக்கவே கூடாது. இதுக்காகத்தான் 1980கள், 90கள் வாக்கில முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல, ரெண்டு பக்கமும் பெட்டி மாதிரி சைட்பாட் வந்தது. முன்னால மூக்கு மாதிரி ஒரு பம்பர், ஸ்டியரிங்குக்கு முன்னால ஒரு பேனல். பின்பக்கம் ரொம்ப நாள் வெறும் இரும்புக் குழாய்தான் இருந்தது. 2000களுக்குப் பிறகு அங்கயும் சக்கரத்தை மறைக்கிற அகலத்துல பிளாஸ்டிக் வந்துடுச்சு.

இங்க கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. ஹெல்மெட் உங்களுக்காக. விலா எலும்புக் கவசம் உங்களுக்காக. ஆனா உங்க வண்டியில மாட்டியிருக்கற பிளாஸ்டிக்ல பாதி பக்கத்துல வர்றவருக்காக. உங்க சக்கரம் அவரைத் தூக்கி எறியாம இருக்கறதுக்காக. ரிப்பேர் பத்திப் பேசும்போது இதை மறந்துட்டா, மொத்தக் கணக்கும் தப்பாயிடும்.

கண்ணாடி இழை வேண்டாம்

பாடி செய்ய அப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச பொருள் ஃபைபர் கிளாஸ். ரேஸ் கார் உலகத்துல அதுதான் பழக்கம். லேசு, விறைப்பு, அச்சுல எந்த வடிவமும் வரும். உடைஞ்சா ரெசின் தடவி, துணி ஒட்டி, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சா பழசு மாதிரியே ஆயிடும். ரிப்பேர் பண்றவங்களுக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. நீண்ட சர்க்யூட்கள்ல ஓடற சூப்பர்கார்ட்டுகளுக்கு இன்னைக்கும் அதுல பாடி செய்யறாங்க.

ஆனா நெருக்கமா உரசி ஓடற சின்ன டிராக் கார்ட்டுக்கு அது ஒத்துவராது. ஃபைபர் கிளாஸ் மோதும்போது சில்லு சில்லா உடையும். உடைஞ்ச விளிம்பு பிளேடு மாதிரி நிக்கும். டிரைவரோட தொடை அங்க இருந்து ஒரு சாண் தூரத்துல இருக்கு. டிராக்ல விழுந்த சில்லு அடுத்தவரோட டயரைக் கிழிக்கும்.

சிஐகே விதிமுறையோட சாரம் இதுதான்: பாடிக்கு பிளாஸ்டிக் பயன்படுத்தினா, அது உடையும்போது சிதறக் கூடாது, உடைஞ்ச இடத்துல கூர்மையான முனையும் வரக் கூடாது. விதி எழுதினவங்க 'உடையக் கூடாது'ன்னு எழுதல. உடையும், அது தெரிஞ்ச விஷயம். எப்படி உடையணும்ங்கிறதுதான் விதி.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் பாலிஎத்திலீன். அடிச்சா நெளியும். இன்னும் அடிச்சா வெளுத்துப் போய் இழுபடும். அதுக்கும் மேல போனா கிழியும், ஆனா சிதறாது. செய்யற முறையும் சுலபம். உருகின பிளாஸ்டிக் குழாயை அச்சுக்குள்ள வெச்சு, பலூன் மாதிரி காத்தை ஊதினா, உள்ள வெற்றிடம் இருக்கற பெட்டி தயார். தண்ணி கேன் செய்யற அதே முறை.

எதுவும் ஒட்டாத பொருள்

சரி, உடைஞ்சாச்சு. சைட்பாட்ல ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். ஓட்டறது பத்து வயசுப் பையன். அடுத்த ரேஸ் இன்னும் ரெண்டு மணி நேரத்துல. அப்பா கையில சூப்பர் க்ளூ.

ஒட்டாது. நிச்சயமா ஒட்டாது.

ஒரு பசை ஒட்டணும்னா முதல்ல அது பரப்பு மேல பரவணும். பாலிஎத்திலீன் மேல ஒரு சொட்டுத் தண்ணி விட்டா, தாமரை இலைத் தண்ணி மாதிரி உருண்டு நிக்கும். பசைக்கும் அதே கதைதான். பாலிஎத்திலீன் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த நீளச் சங்கிலி. வேற எந்தப் பொருளையும் பிடிச்சுக்க அதுல கை கிடையாது. சந்தேகமா இருந்தா, சூப்பர் க்ளூ வர்ற சின்ன டப்பாவையே பாருங்க. பெரும்பாலும் அதுவே பாலிஎத்திலீன்தான். உள்ள இருக்கற பசை டப்பாவோட ஒட்டக் கூடாதுன்னு தெரிஞ்சேதான் அதைத் தேர்ந்தெடுத்திருக்காங்க.

இந்த வகை பிளாஸ்டிக்குக்குன்னு தனிப் பசைகள் இப்போ இருக்கு. விலை ஜாஸ்தி. பரப்பை நெருப்பால லேசா வாட்டி எடுத்துட்டு ஒட்டற முறையும் உண்டு. ஆனா ரேஸ்ல திரும்பத் திரும்ப நெளிஞ்சு அடிவாங்கற இடத்துல, பசையை நம்பறவங்க குறைவு.

ஆக, அடிபட்டாலும் சிதறாத பொருளை வாங்கிக்கிட்டோம். அதுக்கு ஒரு விலை கொடுத்தோம். ஃபைபர் கிளாஸ் காலத்துல நல்லா ஓடின ரிப்பேர் அறிவு மொத்தமும் இங்க செல்லாக் காசு. பலரும் அதனாலதான் உடைஞ்சதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கறாங்க. ஒரு சீசன்ல பல தடவை அப்படி வாங்க வேண்டி வந்தா, அது எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகற செலவு இல்ல.

விரிசலோட நுனி

ரிப்பேருக்கு முதல் படி ஒட்டறது இல்ல. நிறுத்தறது. விரிசல் ஏன் வளருது?

இதுக்குப் பதில் சொன்னவர் சார்லஸ் இங்லிஸ். பின்னாள்ல கேம்பிரிட்ஜ்ல பொறியியல் துறைத் தலைவரா இருந்தவர். 1913ல கப்பல் கட்டறவங்களோட சங்கத்துல ஒரு கட்டுரை கொடுத்தார். இரும்புத் தகடுல ஒரு ஓட்டை இருந்தா, அதைச் சுத்தி இழுவிசை எவ்வளவு கூடும்னு கணக்குப் போட்டார். வட்டமான ஓட்டைன்னா, அதோட விளிம்புல மூணு மடங்கு. அதையே குறுக்கால இழுபடற நீள்வட்டமா, அகலத்தைப் போல 10 மடங்கு நீளமா ஆக்கினா 21 மடங்கு. நுனி கூர்மையாக ஆக, விசை எல்லாம் அந்த ஒரு புள்ளியில குவியும். விரிசல்ங்கிறது கிட்டத்தட்ட அகலமே இல்லாத ஓட்டை. அதனாலதான் சின்ன விரிசல்கூட தானா ஓடுது.

பிட்ல நிக்கிற மெக்கானிக் இங்லிஸ் பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனா அவர் முதல்ல செய்யற வேலை அந்தக் கணக்குதான். விரிசல் முடியற இடத்தைத் தேடிக் கண்டுபிடிச்சு, சரியா அந்த நுனியில ஒரு சின்ன வட்டத் துளை போடுவார். கூர்மையான நுனி போயிடும், வட்டம் வந்துடும். ஏற்கனவே உடைஞ்ச பொருள்ல இன்னும் ஒரு ஓட்டை போட்டுக் காப்பாத்தறாரு. விரிசல் கண்ணுக்குத் தெரியற இடத்துக்கும் கொஞ்சம் தாண்டிப் போயிருக்கும். லேசா வளைச்சுப் பார்த்தா அதோட உண்மையான நுனி தெரியும். துளை அங்க விழணும். தவறிப் போனா பிரயோஜனம் இல்ல.

தையல்

அடுத்த ரேஸுக்கு நேரம் இல்லைன்னா, தையல்தான் வழி. விரிசலோட ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா துளை போட்டு, கேபிள் டையால கோத்து இறுக்கறது. ஆஸ்பத்திரியில காயத்துக்குத் தையல் போடற மாதிரியே இருக்கும்.

கேபிள் டைக்கும் ஒரு கதை உண்டு. தாமஸ் அண்ட் பெட்ஸ் கம்பெனியில வேலை பார்த்த மோரஸ் லோகன், 1956ல போயிங் விமானத் தொழிற்சாலையைச் சுத்திப் பார்க்கப் போனார். விமானத்துக்குள்ள ஆயிரக்கணக்கான ஒயர்களைத் தொழிலாளிகள் மெழுகு தடவின நைலான் கயிறால கையாலயே முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. இறுக்கி இறுக்கி அவங்க விரல் புண்ணாகிறதை அவர் பார்த்தார். அதுக்கு மாற்று தேடி, 1958ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். இன்னைக்கு உலகம் முழுக்க ஒயர் கட்டற அந்தப் பட்டைதான் அது.

1956ல கார்ட். அதே 56ல கேபிள் டைக்கான யோசனை. 58ல ஹூலா ஹூப். மூணும் தனித்தனியா கிளம்பி, கடைசியில ஒரு சைட்பாட் விரிசல்ல வந்து சந்திச்சுக்குது. யாரும் திட்டம் போட்டதில்ல.

தையல் நல்ல தற்காலிக வைத்தியம். பட்டையோட வெட்டின நுனியை மட்டும் ஒட்ட நறுக்கி உள்பக்கம் தள்ளி விடணும். வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா கையைக் கிழிச்சுடும்.

தன்னாலேயே தன்னை ஒட்டறது

நிரந்தர வழி ஒண்ணுதான். வேற எதுவும் அதுல ஒட்டாதுன்னா, அதையே அதோட ஒட்டணும். உருக்கி.

நம்ம வீட்டுல பெரியவங்க செஞ்சு பார்த்திருப்பீங்க. பிளாஸ்டிக் குடம் கீறல் விட்டா, கத்தியை அடுப்புல சுட வெச்சு, உடைஞ்ச வாளித் துண்டு ஒண்ணை உருக்கிக் கீறல் மேல இழுத்து விடுவாங்க. பார்க்க அழகா இருக்காது, ஆனா தண்ணி ஒழுகாது. கார்ட் ரிப்பேரும் அதே தத்துவம்தான். கருவி மட்டும் ஹாட் ஏர் கன், சாலிடரிங் அயர்ன்.

முதல்ல என்ன பிளாஸ்டிக்னு தெரியணும். ஒரு சின்னத் துண்டை வெட்டித் தண்ணியில போட்டா, பாலிஎத்திலீன் மிதக்கும். ஏபிஎஸ் மாதிரி பிளாஸ்டிக் மூழ்கிடும். பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும், ஆனா இது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உருகிச் சேராது. அதனால பாகத்தோட உள்பக்கம் அச்சடிச்சிருக்கற முக்கோணக் குறியைப் பார்க்கறது நல்லது. 2ன்னு போட்டிருந்தா எச்டிபிஇ. நிரப்பறதுக்கான துண்டை, ஏற்கனவே உடைஞ்சு ஒதுக்கி வெச்ச அதே கம்பெனி பாகத்துல இருந்து வெட்டிக்கிறதுதான் அனுபவசாலிகளோட பழக்கம். பழைய சைட்பாட்டைத் தூக்கிப் போடாம வெச்சிருக்கறது அதுக்குத்தான்.

அப்புறம் அழுக்கையும் எண்ணெயையும் துடைச்சு எடுக்கணும். நுனியில துளை. விரிசல் நெடுக 'வி' வடிவத்துல ஒரு பள்ளம். ஏன் பள்ளம்? மேலோட்டமா உருக்கினா தோல் மட்டும்தான் ஒட்டும், உள்ள விரிசல் அப்படியே இருக்கும். பாலிஎத்திலீன் சுமார் 130 டிகிரியில உருகும். பள்ளத்தோட ரெண்டு சுவரும், நிரப்பற துண்டும், மூணும் ஒரே நேரத்துல பளபளன்னு ஈரமான மாதிரி ஆகணும். அந்த நொடியில அழுத்திச் சேர்க்கணும். அந்தக் கார்பன் சங்கிலிகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு பின்னிக்கிட்டாதான் ஒட்டு நிக்கும். அவசரப்பட்டுச் சூட்டை ஏத்தினா புகை வந்து பழுப்பாகும். அந்த இடம் செத்துப் போச்சுன்னு அர்த்தம். சுரண்டி எடுத்துட்டு மறுபடி ஆரம்பிக்கணும். காத்தோட்டமான இடத்துல செய்யணும்ங்கிறதைத் தனியா சொல்ல வேண்டாம்னு நினைக்கிறேன்.

ஆறும்போதும் பொறுமை வேணும். தண்ணி ஊத்திக் குளிர வைக்கக் கூடாது. பாலிஎத்திலீன் ஆறும்போது சுருங்கும். திடீர்னு ஆறினா உள்ள இழுவிசை தங்கிடும். அடுத்த விரிசல் வெல்டிங் ஓரத்துல இருந்தே கிளம்பும்.

எதை ஒட்டக் கூடாது

சிலர் ஒட்டு பலமா இருக்கணும்னு உள்ள இரும்பு வலை வெச்சு உருக்குவாங்க. இன்னும் சிலர் அலுமினியத் தகட்டை வெச்சு ரிவெட் அடிச்சுடுவாங்க. பார்க்க உறுதியாத்தான் இருக்கும். ஆனா விதி என்ன சொன்னது? உடையும்போது கூர்மை வரக் கூடாது. அடுத்த மோதல்ல பிளாஸ்டிக் கிழிஞ்சா, அந்தக் கம்பியும் தகடும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். ஃபைபர் கிளாஸை எதுக்காகத் தவிர்த்தாங்களோ, அதே ஆபத்தை நாமளே திரும்ப உள்ள கொண்டு வந்து வெச்ச மாதிரி.

வெயில்ல காய்ஞ்ச பழைய பிளாஸ்டிக்கும் அப்படித்தான். சூரிய ஒளியில இருக்கற புற ஊதாக் கதிர் அந்த நீளச் சங்கிலிகளைத் துண்டு துண்டா வெட்டிடும். நிறம் மங்கி, தொட்டா வெள்ளையா மாவு மாதிரி வரும். வளைச்சா நெளியாது, படக்குன்னு உடையும். அதை எவ்வளவு திறமையா உருக்கினாலும் பலன் இல்ல. பின்னிக்கிறதுக்கு நீளச் சங்கிலி மிச்சம் இருந்தாத்தானே? மாட்டற பிராக்கெட் இருக்கற இடத்துலயே கிழிஞ்ச பாகத்தையும் கழிச்சுக் கட்டறதுதான் நல்லது. அது கழண்டா மொத்தப் பெட்டியும் டிராக்ல விழும். பின்னால வர்றவர் அது மேல ஏறுவார்.

சாட்சி சொல்லும் பம்பர்

கடைசியா ஒரு திருப்பம். பாடி வந்த பிறகு ஒரு எதிர்பாராத விளைவு வந்தது. சக்கரம் மூடியிருக்கு, பம்பர் நெளியும், அப்புறம் என்ன பயம்? டிரைவர்கள் தைரியமா முன்னால இருக்கறவரை இடிச்சுத் தள்ள ஆரம்பிச்சாங்க. அடுத்தவரைக் காப்பாத்த வந்த பொருளே, அடுத்தவரைத் தள்ளற கருவியா மாறிடுச்சு.

2015ல சிஐகே தன்னோட சாம்பியன்ஷிப்கள்ல ஒரு புது ஏற்பாடு கொண்டு வந்தது. முன் பம்பரை இறுக்கி முடுக்காம, ஓரளவு விசை பட்டா பின்னால நழுவிடற மாதிரி கிளாம்ப்ல மாட்டணும். ரேஸ் முடிஞ்சு வரும்போது பம்பர் அதோட இடத்துல இல்லைன்னா, நேரத் தண்டனை. யார் இடிச்சாங்கன்னு வாதாட வேண்டாம், பம்பரே சாட்சி சொல்லிடும். ஜெயிச்சவர்னு நினைச்சவர் சில விநாடித் தண்டனையால பின்னுக்குப் போன கதை நிறைய.

ரிப்பேருக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. இங்க பம்பர் நழுவறதுதான் அதோட வேலை. அதை நழுவ விடாம டேப் சுத்தி, தையல் போட்டு 'பலப்படுத்தினா', பம்பர் பொய் சாட்சி ஆயிடும். அது ரிப்பேர் இல்ல, ஏமாத்து வேலை.

அதனால கார்ட் பாடியை ஒட்ட உட்காரும்போது 'பழையபடி ஆயிடுச்சா?'ங்கிற கேள்வி போதாது. கேட்க வேண்டிய கேள்வி, 'அடுத்த தடவை இது எப்படி உடையும், அப்போ பக்கத்துல யார் இருப்பாங்க?' 1956ல முதல் கார்ட்டைக் கட்டினவங்களுக்கு அந்தக் கேள்வி வரல. பார்க்கிங் மைதானத்துல பக்கத்துல யாரும் இல்ல. பத்து வயசுப் பிள்ளைகள் முப்பது பேர் ஒரே வளைவுக்குள்ள நுழையற இடத்துல, அந்தக் கேள்வி ஒவ்வொரு ஒட்டுலயும் இருக்கு.

அடுத்த தடவை கோ-கார்ட் ஓட்டப் போனா, ஹெல்மெட் மாட்டறதுக்கு முன்னால வண்டியை ஒரு சுத்து சுத்திப் பாருங்க. எங்கயாவது ஒரு சின்ன வட்டத் துளையும், அங்க வந்து நின்னு போன ஒரு விரிசலும் கண்ணுல படலாம். யாரோ ஒருத்தர் உங்க பக்கத்துல ஓட்டப் போறவரை நினைச்சுப் போட்ட துளை அது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.